இடப்பக்கம் இரண்டு விரல்

எங்கள் வளையங்கள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.
இரண்டு விரற்கடை.
முன்னொரு வருஷம் எவனோ பந்தயம் கட்டி
இரண்டிலும் தொங்கிப் பார்த்தானாம்.
பெயர் தெரியவில்லை,
கனம் தெரிந்தது.

பாளையங்கோட்டை வெயிலில்
சிமெண்டுத் தரை ஷூவின் பசையை இளக்கிவிடும்.
அதனால் காலை ஐந்தரை.
மேலப்பாளையத்திலிருந்து சைக்கிளில் மசூது.
விடுதியிலிருந்து பல் துலக்காமல் உவரி மிக்கேல்.
ஆறடி மூன்றங்குலம் சொரிமுத்து,
பாபநாசத்து வீட்டு நிலைகளில் இடித்து இடித்து
வெட்டவெளியிலும் குனிந்தே நடப்பவன்.
நான் பன்னிரண்டாம் சட்டை.
பெஞ்சில் என் மடியில் ஸ்கோர் நோட்டு.

"ரெண்டு விரல் தள்ளிப் போடுலே,
தானா உள்ள போவும்" என்பான்
கேப்டன் கோயில்பிச்சை.
ஆடி முடிவதற்குள் எல்லார் மணிக்கட்டும்
அந்தக் கோணலைப் படித்துவிட்டது.
என்னுடையது மட்டும் மக்கு.
நேரே எறிவேன். இரும்பில் பட்டு
வேப்பமரத்தடிக்கு ஓடும் பந்து.
நானே போய் எடுத்து வருவேன்.

முதல் ஆட்டம் தூத்துக்குடியில்.
அங்கே வளையம் நேராக இருந்தது, வலைகூட இருந்தது.
முப்பத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு.
"உப்புக்காத்து" என்றான் மிக்கேல்,
கடற்கரையிலேயே பிறந்தவன்.

சொந்தத் தரையில் நான்கு ஆட்டம், நான்கும் எங்களுக்கு.
நாகர்கோவில்காரர்கள் தங்கள் கைகளையே
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.
அவர்கள் பயிற்சியாளர் புகார் சொல்ல
நடுவர் ஏணி கேட்டார், டேப் பிடித்தார்.
பத்தடி, சரியாகப் பத்தடி.
இடம் வலம் எழுத அவர் தாளில் கட்டம் இல்லை.
கோயில்பிச்சை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐப்பசியில் ஆறு சுலோச்சன முதலியார் பாலத்தை
முட்டிக்கொண்டு போனது.
தரையில் கணுக்கால் தண்ணீர்.
வகுப்பறை வராந்தாவில்
நின்றுபோன கடிகாரத்துக்குக் கீழே
சாக்பீஸால் வட்டம் போட்டு எறிந்தோம்.
வட்டத்தையும் இடப்பக்கம் தள்ளியே வரைந்தான் மசூது.
வேதியியல் துறைத்தலைவர் வெளியே வந்து
எங்களைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார்,
கதவைச் சாத்திக்கொண்டார்.

கார்த்திகையில் சொரிமுத்து
போலீஸ் ஆள்சேர்ப்புக்கு ஓடப் போனான்.
மார்பளவு போதவில்லை என்று திரும்பினான்.
இரண்டு நாள் யாரும் அவனிடம் பந்து கேட்கவில்லை.

தை பிறந்ததும் மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றார்கள்.
படிக்கட்டுக்குச் சிவப்பு, மரத்துக்கு வெள்ளை.
ஒரு சனிக்கிழமை
வண்ணார்பேட்டை வெல்டர் வந்து
அரைநாளில் இரண்டையும் நிமிர்த்திவிட்டார்.
புது வலையும் மாட்டினார்.
முதல்வர் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.
கை தட்டினோம்.
வேறென்ன செய்ய?

செவ்வாய்க்கிழமை அரையிறுதி.
மசூது பத்தொன்பது எறிந்தான், மூன்று விழுந்தது.
விழாததெல்லாம் ஒரே இடத்தில் பட்டது,
இடது இரும்பில், ஆணி அடித்தமாதிரி.
கோயில்பிச்சை ஐந்தாம் ஃபவுலில் வெளியேறினான்.
சொரிமுத்துக்கு முழங்கால்.
ஐம்பது நொடி பாக்கி.
நோட்டை அவனிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

யாரோ என்னைத் தள்ளினார்கள்,
கைகொடுத்துத் தூக்கியும் விட்டார்கள்.
இரண்டு ஃப்ரீ த்ரோ.

முதலாவதை
எனக்குத் தெரிந்தபடி நேரே எறிந்தேன்.
இரும்பு பேசவில்லை. வலை பேசியது.
கோலிசோடா திறந்தமாதிரி ஒரு சத்தம்.
"லேய்!" என்றான் மிக்கேல்,
நம்பாமல்.

இரண்டாவதுக்குக் கையைத் தூக்குகையில்
ஆறுமாதமாகக் கேட்டதெல்லாம் மணிக்கட்டில் ஏறிக்கொண்டது.
பந்து போனது,
இடப்பக்கம், இரண்டு விரல்.

மூன்று புள்ளியில் தோற்றோம்.

"நல்ல வளையம்டே" என்றான் மசூது
சைக்கிள் பூட்டைத் திறந்தபடி.
திட்டுகிறானா என்று தெரியவில்லை.

இரவு நோட்டைப் புரட்டினேன்.
சொரிமுத்துவின் கோழிக்கிறுக்கலில்
கடைசி வரிசையில் நான்:
பிரமநாயகம், ஒன்று.
ஒரு மெய்யெழுத்தை விட்டிருந்தான்.
பேனா கையில்தான் இருந்தது.
திருத்தவில்லை.